கைரேகைப் பதிவேடும் தேடுபெட்டியும்: கம்பம் பள்ளத்தாக்கின் குற்ற வரலாற்றைத் தேடுதல்

கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றை எழுத முற்படுகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறார்கள். 1895-ஆம் ஆண்டு பெரியாறு அணை திறக்கப்பட்டதும், மேற்கே அரபிக்கடல் நோக்கிப் போய்க்கொண்டிருந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பிச் சுருளியாற்றோடு கலந்து வைகையை அடைந்ததும், பென்னி குயிக்கின் பெயரை அப்பகுதி மக்கள் இன்றும் நன்றியோடு சொல்வதும் நாம் நன்கறிந்த செய்திகள். ஆனால் அந்நீர் வந்து சேர்ந்த அதே காலத்தில், அதே மக்களைப் பற்றி இன்னொரு வரலாறும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அதை எழுதியவர்கள் பொறியாளர்கள் அல்லர். காவல்துறை அதிகாரிகளும் மாவட்ட ஆட்சியர்களும் இனவரைவியல் நூல் தொகுத்தவர்களும் அதை எழுதினர். அதன் மையச் சொல் குற்றம்.

அந்த இரண்டாம் வரலாற்றை எங்கே, எவ்வாறு தேடுவது என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள். முன்பு இதற்காகச் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக்காப்பகத்திற்கோ இலண்டனுக்கோ போக வேண்டியிருந்தது. எழும்பூருக்குப் போகும் தேவை இன்றும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. எனினும் இன்டர்நெட் ஆர்க்கைவ், சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தேசிய ஆவணக்காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளம், ஆய்விதழ்களுக்கான ஜேஸ்டோர் ஆகியவற்றின் துணையோடு, தேனியில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவர் தொடக்கநிலைத் தேடலின் பெரும்பகுதியைச் செய்துவிட இயலும். வசதி பெருகிய அளவுக்கு விழிப்பும் பெருக வேண்டும் என்பது நம் எண்ணம். குற்றத்தைப் பற்றிய ஆவணங்கள் குற்றம் சாட்டியவர்களின் மொழியில் அமைந்தவை. தேடுபெட்டியில் நாம் இடும் சொல்லும் அவர்களுடைய சொல்லாக இருந்தால்தான் அவை கண்ணில் படுகின்றன.

முதல் இடர்ப்பாடு ஊர்ப்பெயரிலேயே எழுகிறது. 'தேனி மாவட்டம்' என்று தேடினால் பழைய ஆவணம் எதுவும் கிடைக்காது. அம்மாவட்டம் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்டது 1996-இல்தான். பிரித்தானியர் ஆட்சியில் பள்ளத்தாக்கு முழுவதும் 'மதுரா' மாவட்டத்தின் பெரியகுளம் தாலுகாவுக்குள் அடங்கியிருந்தது. ஆகவே கூடலூரையும் உத்தமபாளையத்தையும் சின்னமனூரையும் போடிநாயக்கனூரையும் பெரியகுளத்தின் கீழேயே தேட வேண்டும். 'கம்பம்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும் முறையே ஆந்திரத்துக் கம்பத்துக்கும் உரியது. பெரிய ஏரிக்குப் பெயர்பெற்ற அவ்வூர் அப்போது சென்னை மாகாணத்தின் கர்நூல் மாவட்டத்தில் இருந்தது. இதை அறியாதவர் கர்நூல் ஏரியின் பாசனக் கணக்கைச் சுருளியாற்றின் கணக்காக எடுத்துக்கொள்ளக்கூடும்.

சாதிப்பெயரிலும் இதே சிக்கல் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் பிரமலைக் கள்ளரைப் பற்றிய செய்திகள் மூன்றாம் தொகுதியில் 'கள்ளன்' என்ற ஒருமைத் தலைப்பின் கீழ் வருகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் கும்பினி ஆவணங்களில் அப்பெயர் 'கல்லரி' என்று திரிந்திருக்கிறது. சட்டத்துக்கும் பல பெயர்கள். அரசு ஆவணத்தில் அது குற்றப் பழங்குடிகள் சட்டம். தமிழ் அரசியல் மேடையிலும் எழுத்திலும் குற்றப் பரம்பரைச் சட்டம். கிராமத்தில் அது 'ரேகைச் சட்டம்', அதாவது கைரேகை பிடித்த சட்டம். இம்மூன்றில் முதற்பெயரை மட்டும் அறிந்தவருக்கு அரசின் கோப்பு கிடைக்கும். மக்களின் நினைவு கிடைக்காது. மின்னூலகங்களில் உள்ள பழைய தமிழ் நூல்கள் பலவும் பக்கங்களின் படங்களாகவே ஏற்றப்பட்டிருப்பதால், அவற்றுக்குள் சொல்தேடவும் வழியில்லை. ஆங்கில நூல்களிலோ ஒவ்வொரு சொல்லையும் தேட முடிகிறது. இதன் விளைவாகத் தேடுகிறவரின் முன்னால் ஆட்சியாளரின் குரல் உரத்தும் ஆளப்பட்டவரின் குரல் மெலிந்தும் ஒலிக்கின்றன.

இரண்டாம் இடர்ப்பாடு இதைக்காட்டிலும் நுட்பமானது. பிரமலைக் கள்ளரைப் பற்றி நாம் தேடும்போது ஜே.எச். நெல்சன் 1868-இல் எழுதிய மதுரை நாட்டுக் கையேடு, காவல்துறை அதிகாரி முல்லாலி 1892-இல் வெளியிட்ட குற்ற வகுப்பினர் பற்றிய குறிப்புகள், டபிள்யூ. பிரான்சிஸ் 1906-இல் தொகுத்த மதுரை மாவட்ட கெசட்டியர், தர்ஸ்டனின் தொகுதி ஆகியவை அடுத்தடுத்து வந்து நிற்கும். அவற்றைத் தொடர்ந்து வந்த நிர்வாக அறிக்கைகளும் கட்டுரைகளும் வேறு. 'இத்தனை பேர் ஒரே கருத்தைச் சொல்கிறார்களே' என்று மயங்குவது எளிது. வரிசையாக வைத்துப் படித்தால் உண்மை தெரியவரும். பின்னவர் முன்னவரிடமிருந்து எடுத்திருக்கிறார். தர்ஸ்டனின் கட்டுரை பெருமளவுக்கு முந்தைய நூல்களின் மேற்கோள்களால் கோக்கப்பட்டது. தேடுபெட்டி பத்து முடிவுகளைக் காட்டலாம். சாட்சி ஒருவராகவே இருக்கலாம். ஒருவர் சொல்லக் கேட்டதை இன்னொருவர் வந்து சொன்னால் அதை நேரடிச் சாட்சியமாக நீதிமன்றம் பொதுவாக ஏற்பதில்லை. அந்த அளவுகோலை ஆய்வாளரும் கைக்கொள்ள வேண்டும்.

ஆயினும் இந்நூல்களை ஒதுக்கிவிடலாகாது. அவை தம் முடிவுக்கு எதிரான செய்திகளையும் தம்முள்ளேயே வைத்திருக்கின்றன. காவல் முறை அத்தகைய ஒன்று. ஊரின் களத்தையும் கால்நடையையும் காக்கும் பொறுப்பைக் காவல்காரர் ஏற்பதும், அதற்கு ஊரார் கூலி தருவதும், களவு நேர்ந்தால் பொருளை மீட்டுத்தரவோ ஈடுசெய்யவோ காவல்காரர் கடமைப்பட்டிருப்பதும் அம்முறையின் சாரம். திருடுபோன மாட்டைத் துப்பறிந்து மீட்டுத்தருவதற்கு வாங்கும் பணம் 'துப்புக்கூலி' எனப்பட்டது. 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்தில் சீருடைக் காவல்துறை அமைந்த பின்னர், ஊருக்கு ஊர் இயங்கிய இந்தக் காவல் அரசின் கண்ணில் போட்டி அதிகாரமாகவும் மிரட்டிப் பணம் பறித்தலாகவும் ஆயிற்று. நேற்றுவரை வேலையாக இருந்தது இன்று குற்றமாகப் பெயர் மாறியதை அந்நூல்களின் பக்கங்களிலேயே நாம் காண முடிகிறது.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 1896-இல் திண்டுக்கல் வட்டாரத்தில் தொடங்கிய ஓர் இயக்கம் கள்ளர் காவல்காரர்களை ஊர்களிலிருந்து வெளியேற்றியது. ஊரார் பொதுநிதி ஒன்றைத் திரட்டினர். 'பண்டு' என்று அது வழங்கப்பட்டது. களவால் இழந்தவர்களும் காவல்கூலியைச் சுமையாக உணர்ந்தவர்களும் அதில் சேர்ந்தனர். வன்முறையும் தீவைப்பும் நிகழ்ந்தன. ஆகவே காவல் முறையைப் பொற்காலமாகப் புனைவதற்கும் இடமில்லை. இந்த 1896 இயக்கத்தைப் பற்றி ஆனந்த் பாண்டியன் 2005-இல் இந்தியப் பொருளாதார சமூக வரலாற்று ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன்னர் 1978-இல் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கள்ளரைக் 'குற்றப் பழங்குடி' என்ற வகைப்பாட்டில் அடைத்ததை மறுபரிசீலனை செய்து எழுதியிருந்தார். இவ்விரு கட்டுரைகளையும் ஆய்விதழ்த் தரவுத்தளங்களில் காணலாம். அரசு ஆவணத்தைப் படிப்பதற்கு முன்பே இவற்றைப் படித்துவிடுவது நல்லது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1871-இல் இயற்றப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம் முதலில் வட இந்தியப் பகுதிகளுக்கே உரியதாக இருந்தது. 1911-இல் அது திருத்தப்பட்டபோதுதான் சென்னை மாகாணத்துக்கு வந்தது. 1914-இல் மதுரையை அடுத்த கீழக்குயில்குடிக் கள்ளர் மீதும், 1918-இல் மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர் அனைவர் மீதும் அது ஏவப்பட்டது. பதிவு செய்யப்பட்ட ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். குறித்த வேளையில் ஆஜராக வேண்டும். இருப்பிடம் மாறினால் அறிவிக்க வேண்டும். தனியொருவர் என்ன செய்தார் என்ற கேள்வி இதில் எழவே இல்லை. எந்தக் குடியில் பிறந்தார் என்பதே போதுமானதாக இருந்தது.

குற்றவியல் நீதி பற்றி ஆய்பவர் அடுத்தபடியாக நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேடுவது இயல்பு. சென்னை உயர்நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புத் தொகுதிகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. இப்பதிவு நியாயமானதுதானா என்று யாரேனும் வழக்காடினார்களா என்று தேடுகிறவர் பெரும் மௌனத்தையே எதிர்கொள்ள நேரும். 'எதிர்ப்பில்லை, ஏற்றுக்கொண்டார்கள்' என்று அந்த மௌனத்துக்குப் பொருள் கொள்வது பெரும்பிழையாகும். ஒரு மக்களைக் குற்றப் பழங்குடி என்று அறிவிக்கும் அரசாணையின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கலாகாது என்று அச்சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. 1871 முதலே இருந்த அத்தடை பின்வந்த வடிவங்களிலும் தொடர்ந்தது. நீதிமன்றத்தின் கதவு சட்டத்தாலேயே சாத்தப்பட்டிருந்தபோது வழக்கின் தடயத்தைத் தீர்ப்புத் தொகுதியில் எவ்வாறு காண்பது? தரவுத்தளத்தில் ஒன்று இல்லாமலிருப்பதற்கும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடுவதும் ஆய்வின் பகுதியே.

எதிர்ப்பு வேறிடத்தில் இருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று, ஆண்டிப்பட்டிக் கணவாய்க்குக் கிழக்கே, அன்றைய திருமங்கலம் தாலுகாவைச் சேர்ந்த பெருங்காமநல்லூரில், கைரேகைப் பதிவுக்கு மறுத்துத் திரண்ட மக்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட 16 பேர் மாண்டனர் என்பது அப்பகுதி மக்கள் போற்றிவரும் கணக்கு. ஜாலியன்வாலா பாக் நிகழ்ந்து ஓராண்டுகூட நிறைவுறாத நேரம் அது. இந்நிகழ்வைத் தேடுகிறவர் 'படுகொலை' என்ற சொல்லை மட்டும் நம்பியிருக்கலாகாது; 'கலகம்', 'குழப்பம்', 'காவல்துறையைத் தாக்கிய கூட்டம்' போன்ற ஆட்சிமொழிச் சொற்களையும் ஆங்கிலத்தில் இட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னர் ஏப்ரல் 3-இல் ஆண்டுதோறும் அவ்வூரில் நடைபெறும் நினைவஞ்சலியில் சொல்லப்படுவதையும் கேட்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைக்கும்போதுதான் வரலாறு எழுதத் தொடங்க முடியும்.

கள்ளர் தரப்பில் நின்று போராடியவர்களுள் முதன்மையான ஒருவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்து 1938-இல் மறைந்த அவரை அம்மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தனர். விடுதலைப் போராட்ட நூல்களில் ஜோசப் என்று தேடினால் அவருடைய காங்கிரஸ் பணி கிடைக்கிறது. ரோசாப்பூ துரை என்று கேட்டால்தான் உசிலம்பட்டிப் பக்கத்தில் அவருக்கிருந்த இடம் விளங்குகிறது. ஒரே மனிதர் இரு பெயர்களில் இரு வரலாறுகளில் வாழ்கிறார்.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பின்னர் அரசின் அணுகுமுறையில் மற்றொரு பக்கமும் வளர்ந்தது. அதன் பெயர் கள்ளர் சீரமைப்பு. பள்ளிகள் திறக்கப்பட்டன, கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன, நிலம் கொடுத்து உழவில் நிலைநிறுத்தும் முயற்சிகள் நடந்தன. இச்செய்திகளைக் காவல்துறைக் கோப்புகளில் மட்டும் தேடினால் பாதியே கிடைக்கும். தொழிலாளர் துறை, கல்வித் துறை, கூட்டுறவுத் துறை அறிக்கைகளையும் புரட்ட வேண்டும். அக்காலத்தில் பிறந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் பல தலைமுறைகளுக்கு எழுத்தறிவித்திருக்கின்றன. அப்பள்ளிகளைப் பொதுக் கல்வித் துறையோடு இணைக்கலாம் என்று 2024 ஜூனில் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தபோது எழுந்த கடுமையான எதிர்ப்பு, அந்த வரலாறு இன்னும் முடியவில்லை என்பதையே காட்டியது. 'சீரமைப்பு' என்ற சொல்லில் பழைய குற்றச்சாட்டும் இருக்கிறது; போராடிப் பெற்ற உரிமையும் இருக்கிறது.

தண்ணீரின் வரலாறும் குற்றத்தின் வரலாறும் சந்திக்கும் இடமும் இதுவே. பெரியாற்று நீர் பாயும் வயலில் நிலையாக உழைக்கும் உழவன் களவை விட்டுவிடுவான் என்று ஆட்சியாளர் நம்பினர். மண்ணைப் பண்படுத்துவதும் மனிதரைப் பண்படுத்துவதும் அவர்களுக்கு ஒரே பணியாகத் தோன்றின. கம்பம் பள்ளத்தாக்கில் தங்கிக் களஆய்வு செய்து ஆனந்த் பாண்டியன் 2009-இல் வெளியிட்ட ஆங்கில நூல் இந்தப் புள்ளியைத்தான் தொடர்கிறது. பண்படுத்துதல் என்ற கருத்து வெள்ளையர் கொண்டுவந்தது மட்டுமன்று. தமிழ் மரபிலும் உழவர் வாழ்விலும் அதற்குத் தனி வேர்கள் உண்டு என்பதை அவர் ஆவணங்களோடு கூடவே வயலில் நின்றவர்களின் பேச்சையும் கேட்டு எழுதினார். அவர் படித்த கோப்புகள் பிறருக்கும் கிடைக்கக்கூடியவைதாம். அந்த உழவர்களின் பேச்சு எந்தத் தரவுத்தளத்திலும் இருந்திருக்காது. நம் இலக்கியத்தில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. 2008-இல் வெளிவந்து 2011-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்நாவல் ஆவணத்தையும் வாய்மொழியையும் ஒன்றையொன்று திருத்த விட்டது.

சென்னை மாகாணத்தில் 1947-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952-இல் நீங்கியது. முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்ட பலரின் நீண்ட போராட்டம் இதன் பின்னால் உண்டு. ஆனால் 1948-லேயே சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. பிறப்பைச் சொல்லி அடைத்த கதவு மூடப்பட்டது; பழக்கத்தைச் சொல்லி அடைக்கும் கதவு திறக்கப்பட்டது. 2024 அக்டோபர் 3 அன்று உச்சநீதிமன்றம் சுகன்யா சாந்தா வழக்கில் அளித்த தீர்ப்பு, சிறைக் கையேடுகளில் சாதி அடிப்படையில் வேலை பிரிப்பதையும், முன்னாள் 'குற்றப் பழங்குடி'களைப் பழைய கண்கொண்டு பார்க்கும் விதிகளையும் அரசமைப்புக்கு முரணானவை என்றது. சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிப் பத்தியை நீக்கவும் ஆணையிட்டது. இத்தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு இதைப் படிப்பது நம் வாசகர்களுக்குப் பயன்தரும் என்று நம்புகிறோம்.

பழைய பதிவேட்டைப் பற்றிப் பேசும் நாம் புதிய பதிவேட்டையும் கவனிக்க வேண்டும். தீர்ப்புகள் இணையத்தில் ஏறியபின், விடுதலை பெற்ற ஒருவரின் பெயரைத் தேடினாலும் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றமே முதலில் வந்து நிற்கிறது. அப்படி விடுவிக்கப்பட்ட ஒருவர் தம் பெயரை நீக்கக் கோரிய வழக்கில், 2024 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. நீதிமன்றம் திறந்திருக்க வேண்டும் என்பதும் நியாயம். தீர்ந்துபோன பழி ஒருவரை வாழ்நாள் முழுதும் தொடரலாகாது என்பதும் நியாயம். கம்பம் பள்ளத்தாக்கின் பெரியவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. பெயரும் ரேகையும் ஒருமுறை ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர்களின் தந்தையர் அறிந்திருந்தனர். எனவே அண்மைக்கால வழக்குகளை ஆய்பவர், வரலாற்றுக்குத் தேவைப்படாத இடத்தில் தனிமனிதர் பெயரைத் தவிர்ப்பது மரியாதை மட்டுமன்று, கடமையும் ஆகும்.

கடைசியாக, யாருக்கு இந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்விதழ்களின் சந்தா தனிமனிதருக்கும் சிறு கல்லூரிக்கும் எட்டாததாகவே நெடுங்காலம் இருந்தது. 2024 நவம்பரில் நடுவண் அரசு ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் கீழ், 6,000 கோடி ரூபாய் செலவில், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 2025 முதல் கிடைக்கத் தொடங்கின. அரசுக் கல்லூரி மாணவர்கள் தம் நூலகரிடம் சென்று இதைக் கேட்டுப் பெற வேண்டும். தனியார் கல்லூரியில் படிப்பவரும், ஊர் நூலகத்தில் அமர்ந்து தம் பாட்டனாரைப் பற்றி அறிய விரும்பும் உழவரும் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள்.

அவர்களுக்காகவேனும் சிலவற்றை இங்கு தொகுத்துச் சொல்வோம். இடத்தைப் பழைய நிர்வாகப் பெயரால் தேடுங்கள். ஒரே செய்தி பலமுறை வந்தால் முதலில் சொன்னவர் யார் என்று பின்னோக்கிச் செல்லுங்கள். காவல்துறைக் கோப்பைப் படித்தால் அதே ஆண்டின் பாசன, கல்வி அறிக்கைகளையும் படியுங்கள். மௌனம் எதிர்ப்பட்டால் அதை உண்டாக்கிய சட்டம் எது என்று பாருங்கள். பிறகு கோப்பை மூடிவிட்டு, உசிலம்பட்டியிலோ கூடலூரிலோ எண்பது வயதைக் கடந்த ஒருவரிடம் ரேகைச் சட்டம் பற்றி வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேளுங்கள். அச்சட்டம் நீங்கியபோது அவர் கைக்குழந்தையாகவோ சிறுபிள்ளையாகவோ இருந்திருப்பார்; தந்தையும் பாட்டனும் சொல்லக் கேட்டதை மட்டுமே அவரால் சொல்ல முடியும். அதைக் கேட்டவர்களும் இப்போது குறைந்துகொண்டே வருகிறார்கள். கோப்புகள் எழும்பூரில் காத்திருக்கும். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.